மண்ணெண்ணெய், டீசல், பாரஃபின்: எதை எதில் ஊற்றலாம்?

வீட்டில் ஒரு பழைய அரிக்கேன் விளக்கு இருக்கிறது, அதை ஏற்றிப் பார்க்க ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை ஊற்றுவது? இணையத்தில் தேடினால் இங்கிலாந்துக்காரர் பாரஃபின் ஊற்றச் சொல்கிறார். அமெரிக்காவில் இருப்பவர் பாரஃபின் என்றால் மெழுகு என்கிறார். மருந்துக்கடைக்குப் போனால் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பாட்டிலிலும் பாரஃபின் என்றே எழுதியிருக்கிறது. லாரி ஓட்டும் மாமாவோ, "டீசல் இருக்குதே, அதுவும் எரியிற எண்ணெய்தானே" என்கிறார்.

சிங்கப்பூரில் கம்பத்து (பழைய கிராமக் குடியிருப்பு) வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்திருக்காது. அவர்கள் மண்ணெண்ணெயில் சமைத்தார்கள், அதன் வெளிச்சத்தில் படித்தார்கள், வாசனையை வைத்தே எது எதுவென்று சொல்லிவிடுவார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், குழாய் எரிவாயுவும் மின்சாரமும் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. முகாம் அடுப்பு, அலங்கார விளக்கு, வேலையிடத்து ஜெனரேட்டர் என்று ஏதோ ஒரு வழியில் இந்த எண்ணெய்கள் இன்னமும் கைக்கு வருகின்றன. மாற்றி ஊற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

எல்லாம் கச்சா எண்ணெயிலிருந்துதான்

பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய் ஒரே பொருள் அல்ல. கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளின் கலவை அது. இந்த மூலக்கூறுகளைப் பூச்சரம்போல நினைத்துக்கொள்ளலாம். சிலவற்றில் நாலைந்து பூக்கள்தான், சிலவற்றில் முப்பது நாற்பது. பூ என்று இங்கே சொல்வது கரிம அணுவை. சரம் குட்டையாக இருந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாது, சீக்கிரம் ஆவியாகும். நீளமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும், ஆவியாக நிறையச் சூடு வேண்டும். மேலும் நீண்டால் சாதாரண வெப்பத்தில் திரவமாகக்கூட இருக்காது, மெழுகாக உறைந்துவிடும்.

சுத்திகரிப்பு ஆலை செய்யும் முதல் வேலை இந்தச் சரங்களை நீளவாரியாகப் பிரிப்பது. கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். கோபுரத்தின் அடி சூடாகவும் உச்சி குளிர்ச்சியாகவும் இருக்கும். மேலே ஏறும் ஆவி, தன் கொதிநிலைக்கு ஏற்ற உயரத்தில் மறுபடி திரவமாகித் தட்டுகளில் தங்கும். உச்சியில் சமையல் எரிவாயு, அதற்குக் கீழே பெட்ரோலுக்கான பகுதி. அப்புறம் மண்ணெண்ணெய்: ஏறத்தாழ 150 முதல் 280 டிகிரிக்குள் கொதிப்பது, பெரும்பாலும் 10 முதல் 16 கரிம அணுக்கள் கொண்டது. அதற்கும் கீழே டீசல்: கொதிநிலை 360 டிகிரி வரை போகும், சரத்தில் 20ஐத் தாண்டியும் அணுக்கள் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே தெளிவான கோடு கிடையாது. 12 அணுக்கள் உள்ள ஒரு மூலக்கூறு மண்ணெண்ணெயிலும் இருக்கும், டீசலிலும் இருக்கும். அதனால்தான் இரண்டும் பார்வைக்கும் தொடுவதற்கும் அவ்வளவு ஒத்திருக்கின்றன.

கோபுரத்தின் அடியில் தங்குவது கனத்த, கறுப்பான எண்ணெய். பெரிய கப்பல்கள் இன்னமும் அதைத்தான் அதிகம் எரிக்கின்றன. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல் மோதிச் சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது நினைவிருக்கும். செந்தோசாவிலும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலும் பிசின்போல ஒட்டிக்கொண்டது இந்த வகைதான். கொட்டியது மண்ணெண்ணெயாக இருந்திருந்தால் அதன் பெரும்பகுதி சில நாளில் ஆவியாகிப் போயிருக்கும். நீளமான சரங்கள் அப்படிப் போவதில்லை.

நம் ஊருக்கு முதலில் வந்தது மண்ணெண்ணெய்

சிங்கப்பூரின் எண்ணெய் வரலாறு மண்ணெண்ணெயில்தான் தொடங்குகிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. லண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேலின் 'மியூரெக்ஸ்' என்ற கப்பல் 1892இல் கருங்கடல் ஓரத்து பாத்தூமியில் ரஷ்ய மண்ணெண்ணெயை ஏற்றிக்கொண்டு, சூயெஸ் கால்வாய் வழியாகப் புக்கோம் தீவுக்கு வந்து இறக்கியது. அதுவரை மண்ணெண்ணெய் தகர டின்களில், மரப்பெட்டிகளில் அடுக்கித்தான் ஆசியாவுக்கு வந்தது. கப்பலின் வயிற்றிலேயே நேரடியாக நிரப்பிக் கொண்டுவந்து பெரிய தொட்டிகளில் சேமிக்கும் முறை இங்கே அப்படித்தான் வேரூன்றியது. சாமுவேலின் அந்த வியாபாரமே பிறகு ஷெல் நிறுவனமாக வளர்ந்தது. அதே புக்கோமில் 1961இல் சிங்கப்பூரின் முதல் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது.

1892இல் உலகுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது விளக்கு எரிக்க. டீசல் எஞ்சின் அப்போது காகிதத்தில்தான் இருந்தது. ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அதை ஒழுங்காக ஓட்டிக் காட்டியது 1897இல். ஆக, கோபுரத்தின் நடுத்தட்டு எண்ணெய்க்கு முதலில் மதிப்பைக் கொடுத்தது விளக்கு, அதற்கு அடுத்த தட்டுக்கு மதிப்பைக் கொடுத்தது எஞ்சின்.

தீப்பற்றுவது ஒன்று, தானாகப் பற்றிக்கொள்வது வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் மனத்தில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். எந்த எண்ணெயும் திரவமாக எரிவதில்லை, அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. ஒரு தீக்குச்சியைக் காட்டினால் குப்பென்று பற்றும் அளவுக்கு ஆவி எந்த வெப்பநிலையில் கிளம்புகிறதோ, அதற்கு ஃபிளாஷ் பாயிண்ட் என்று பெயர். டின்னோடு வரும் பாதுகாப்புத் தாளில் இந்த எண் இருக்கும்.

பெட்ரோலுக்கு இது சுழியத்துக்கும் கீழே 40 டிகிரி. அதாவது நம் ஊரில் திறந்த பெட்ரோல் எப்போதும் பற்றத் தயாராகவே இருக்கிறது. மண்ணெண்ணெய்க்குக் குறைந்தது 38 டிகிரி. டீசலுக்குப் பொதுவாக 55 டிகிரிக்கு மேல்.

அந்த 38ஐ நம் தட்பவெப்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் பற்றிய பழைய ஆங்கிலக் கையேடுகள் பல 15 டிகிரி குளிரில் வாழ்ந்தவர்கள் எழுதியவை. அவர்களுக்கும் ஆபத்துக்கும் இடையே இருபது டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தது. சிங்கப்பூரில் பிற்பகல் நிழலிலேயே 32, 33 டிகிரி வந்துவிடுகிறது. வெயிலில் நிறுத்திய வேனுக்குள்ளோ, வெயில் அடிக்கும் பால்கனி அலமாரியிலோ 40ஐத் தாண்டுவது சாதாரணம். அங்கே வைத்த மண்ணெண்ணெய் டின்னைத் திறந்தால், ஏறக்குறைய பெட்ரோலைத் திறப்பதற்குக் காட்ட வேண்டிய எச்சரிக்கையைக் காட்ட வேண்டும். "மண்ணெண்ணெய்தானே, சட்டென்று பற்றாது" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. குடிமைத் தற்காப்புப் படையும் எரிபொருள்களை இந்த எண்ணை வைத்துத்தான் வகை பிரிக்கிறது. ஓர் அளவுக்கு மேல் சேமித்துவைக்க அவர்களிடம் உரிமம் பெற வேண்டும்.

சரி, இப்போது எதிர்ப்பக்கம். தீக்குச்சியே காட்டாமல், வெறும் சூட்டினால் மட்டும் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை என்று இன்னொன்று இருக்கிறது. இதில் வரிசை தலைகீழ்! டீசலும் மண்ணெண்ணெயும் சுமார் 210 டிகிரியை ஒட்டியே பற்றிக்கொள்ளும், பெட்ரோலுக்கு அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். நீண்ட நேரான சரங்களைச் சூட்டில் ஆக்சிஜன் எளிதாகத் தாக்கும், அவை சீக்கிரம் உடையும் என்பதே காரணம்.

டீசல் எஞ்சினே இந்தக் குணத்தின் மேல்தான் நிற்கிறது. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. வெறும் காற்றை ஏறத்தாழ 16இல் ஒரு பங்காக நசுக்கினால் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அந்த நேரத்தில் டீசலை மெல்லிய தூறலாகப் பீய்ச்சினால் தானே பற்றும். எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது என்பதை அளக்க சீட்டேன் எண் என்று ஒன்று உண்டு. ஐரோப்பியத் தரம் குறைந்தது 51 கேட்கிறது. பெட்ரோலில் அது மிகக் குறைவு, அதனால்தான் டீசல் வண்டியில் தவறி பெட்ரோல் போட்டுவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்கிறார்கள்.

ஒன்றுக்குப் பதில் மற்றொன்று

டீசலை அரிக்கேன் விளக்கில் ஊற்றினால் என்ன ஆகும்? எரியும். அங்கேதான் ஏமாந்துவிடுகிறோம். மண்ணெண்ணெய் நீர்த்தது, திரியில் தடையில்லாமல் ஏறும், சுடரின் சூட்டில் முழுவதும் ஆவியாகும். டீசல் கொஞ்சம் கெட்டி, மெதுவாக ஏறும். திரியின் நுனியில் அதன் கனமான பகுதி ஆவியாக முடியாமல் கருகிக் கட்டிதட்டும். சுடர் மஞ்சளாகிப் புகை கக்கும், கண்ணாடி கறுக்கும். அந்தப் புகையில் கரித்துகளும் நச்சுப்பொருள்களும் அதிகம், மூடிய அறையில் சுவாசிக்கக் கூடாதவை. பம்ப் ஸ்டவ்வில் ஊற்றினால் நுண்ணிய துவாரம் அடைத்துக்கொள்ளும். இந்த அடுப்புகளில் பெட்ரோல் ஊற்றுவதோ கொலைக்குச் சமம். அதன் ஆவி, தீயைத் தொட்டித் தொண்டைவரை இழுத்து வந்துவிடும்.

மண்ணெண்ணெயை டீசல் எஞ்சினில் ஊற்றினால்? அதுவும் ஓடும். நேட்டோ நாட்டுப் படைகள் விமான மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளையே லாரிகளுக்கும் பயன்படுத்துகின்றன. மிகக் குளிர்ந்த நாடுகளில் டீசலோடு மண்ணெண்ணெயைக் கலப்பதும் உண்டு. ஆனால் அவர்கள் அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைப் போடுகிறார்கள். டீசலின் இன்னொரு வேலை, தன்னை அழுத்திப் பீய்ச்சும் பம்பைத் தானே வழுவழுப்பாக வைத்திருப்பது. வெறும் மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு குறைவு. நாளடைவில் பம்பும் ஊசிகளும் தேய்ந்துவிடும். இந்தியாவில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் சேர்ப்பது இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கத்தான். விலை குறைவு என்று லாரிக்குள் ஊற்றிவிடுவார்கள் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும்.

விமானத்துக்கு ஏன் டீசல் போடுவதில்லை என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. சாங்கி விமான நிலையத்தில், விமானங்கள் நிற்கும் இடத்தில், நிலத்தடிக் குழாய்கள் வழியாக விமானத்துக்குள் ஏறுவது ஜெட் ஏ-1. அது கவனமாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று சுழியத்துக்குக் கீழே 50 டிகிரியை ஒட்டி இருக்கும். டீசலில் உள்ள நீண்ட சரங்கள் அந்தக் குளிருக்கு வெகு முன்பே மெழுகுப் படிகங்களாகி வடிகட்டியை அடைத்துவிடும். ஜெட் ஏ-1 சுழியத்துக்குக் கீழே 47 டிகிரி வரை உறையக் கூடாது என்பது விதி. துவாஸில் இருக்கும் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு ஆகியவற்றிலிருந்து 2010 முதல் டீசல் தயாரிக்கிறது. 2023இல் விரிவாக்கிய பிறகு விமான எரிபொருளும் அங்கே வருகிறது. கொழுப்பிலிருந்து கிடைக்கும் சரங்கள் இயல்பாகவே டீசல் நீளம். குளிர் தாங்க வேண்டும் என்பதால் விமானத்துக்கு அவற்றை வெட்டியும் கிளைவிடச் செய்தும் மாற்ற வேண்டியிருக்கிறது.

சாலை ஓட்டிகளுக்கு ஒரு வார்த்தை. டீசல் லேசில் ஆவியாகாது. சாலையில் சிந்திய பெட்ரோல் சில நிமிடத்தில் காய்ந்துவிடும், டீசல் மழைநீரோடு சேர்ந்து வழுக்கும் படலமாக அப்படியே கிடக்கும். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் தம்பிகள், வளைவில் வானவில் நிறத்தில் ஏதாவது மின்னினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பாரஃபின் என்றால் எந்தப் பாரஃபின்?

இங்கேதான் உண்மையான ஆபத்து. இந்த ஒரே பெயரில் குறைந்தது நான்கு பொருள்கள் உலவுகின்றன.

பிரிட்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் பாரஃபின் என்றால் மண்ணெண்ணெயேதான். ஜேம்ஸ் யங் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் 1850இல் நிலக்கரியிலிருந்து விளக்குக்கான எண்ணெயும் மெழுகும் எடுக்கக் காப்புரிமை வாங்கினார். அந்த எண்ணெய்க்கு அவர் பயன்படுத்திய பெயர் அந்த நாடுகளில் நிலைத்துவிட்டது. எனவே பிரிட்டிஷ் விளக்கோ அடுப்போ பாரஃபின் கேட்டால் மண்ணெண்ணெய் ஊற்றலாம்.

அமெரிக்காவில் வெறுமனே பாரஃபின் என்றால் மெழுகு, அதாவது 20 முதல் 40 கரிம அணுக்கள் கொண்ட சரங்கள். சுமார் 50 முதல் 65 டிகிரியில் உருகும். தீபாவளிக்கு வரிசையாக ஏற்றும் குட்டித் தகர மெழுகுவிளக்குகளும், சீனர்களின் விளக்குத் திருநாளில் பிள்ளைகள் காகித விளக்குக்குள் வைக்கும் மெழுகுவத்திகளும் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, அலங்கார விளக்குகளுக்கென்று விற்கும் பாரஃபின் எண்ணெய். மண்ணெண்ணெயை இன்னும் சுத்தம் செய்து, வாசனை தரும் பொருள்களையும் கந்தகத்தையும் நீக்கியது. ஃபிளாஷ் பாயிண்டும் கூடுதல். வீட்டுக்குள் விளக்கேற்ற இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது இதுவே. விலை கொஞ்சம் அதிகம், ஆனால் புகையும் நெடியும் குறைவு, வெயில் ஊருக்குப் பொருத்தம். தட்டையான அகலத் திரி உள்ள பெரிய விளக்குகளில் மட்டும் சுடர் சற்று மங்கலாக வரலாம்.

நான்காவது, மருந்துக்கடை லிக்விட் பாரஃபின். மிக உயர்ந்த அளவில் தூய்மை செய்த கனமான எண்ணெய். குழந்தைகளுக்குப் பூசும் பேபி ஆயிலின் அடிப்படையும் இந்த வகைதான். அது விளக்கில் ஒழுங்காக எரியாது. அதைவிட முக்கியம், விளக்குப் பாரஃபினை மருந்துப் பாரஃபின் என்று நினைத்து யாரும் குடித்துவிடக் கூடாது.

வேதியியல் வகுப்பில் பாரஃபின்கள் என்று இன்னொரு பொருளிலும் சொல்வார்கள், கிளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வளையமும் கரிம அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பும் இல்லாத சரங்களின் குடும்பத்தை நினைத்து.  அந்தக் கணக்கில் டீசலுக்குள்ளேயே நிறையப் பாரஃபின் இருக்கிறது. டீசல் சட்டென்று பற்றுவதற்கும் அதுவே காரணம், குளிரில் மெழுகாவதற்கும் அதுவே காரணம்.

ஆகவே டின்னில் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, ஃபிளாஷ் பாயிண்ட் எவ்வளவு, தீச்சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்போ விளக்கோ செய்த நிறுவனத்தின் தாளில் எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

வீட்டில் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மண்ணெண்ணெயையோ விளக்கு எண்ணெயையோ குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. நிறமில்லாத திரவம், தெரிந்த பாட்டில். தாகமெடுத்த குழந்தைக்கு வேறு என்ன தெரியும்? இந்த எண்ணெய்கள் வயிற்றைவிட நுரையீரலுக்கே அதிகக் கேடு செய்யும். மிக நீர்த்தவை என்பதால் விழுங்கும்போதே மூச்சுக்குழலுக்குள் நழுவி, நுரையீரலில் கடுமையான அழற்சியை உண்டாக்கிவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள். மேலே வரும்போது இரண்டாம் முறை நுரையீரலுக்குள் போகும். உடனே 995க்கு அழையுங்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். இருமல் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

எரியும் எண்ணெய்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் தண்ணீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். தகரத்தில் கொதிக்கும் மெழுகில் ஊற்றினாலோ தண்ணீர் நொடியில் நீராவியாகி, எரியும் மெழுகை முகத்தில் வீசியடிக்கும். சின்னத் தீ என்றால் உலோக மூடியால் மூடுங்கள், அல்லது பவுடர் தீயணைப்பானைப் பயன்படுத்துங்கள். எரிந்துகொண்டிருக்கும் விளக்கிலோ சூடான அடுப்பிலோ எண்ணெய் நிரப்பாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு, பிறகு ஊற்றுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். காற்றோட்டமில்லாத அறையில் எந்தச் சுடரும் கார்பன் மோனாக்சைடைச் சேர்த்துவிடும்.

மிச்சமான எண்ணெயைச் சாக்கடையிலோ சமையலறைத் தொட்டியிலோ கொட்ட வேண்டாம். இந்தத் தீவின் பெரும்பாலான வாய்க்கால்களில் ஓடும் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது, அதுவே சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. முகாமுக்கு வாங்கிய டின்னில் மீதி இருந்தால் மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில், பெயர் எழுதி வைத்து அடுத்த முறை பயன்படுத்துங்கள். அடுத்த முறை இல்லையென்றால், எண்ணெய்க் கழிவை எடுத்துக்கொள்ளும் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்.